ஊருக்குத்தான் ஹெல்மெட்

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். தீபாவளி, பொங்கல் மாதிரி இதற்கும் ஒரு வாரம் முன்பிருந்தே ஏற்பாடு நடக்கும் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. கார்ட்டூன் போட்டுப் பிழைப்பவனை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் இல்லையா? ஒரு தொழிற்சாலையின் சேஃப்டி ஆபீஸர் கூப்பிட்டார். "ஸார், சேஃப்டி வீக்குக்குப் பன்னிரண்டு போஸ்டர் வேணும். காமெடியா இருக்கணும். ஆனா யாரும் சிரிச்சிடக் கூடாது!"

போனேன். 'உயரத்தில் வேலை செய்ய ஏணியைப் பயன்படுத்துங்கள்' என்கிற பழைய போஸ்டரை ஒருவர் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி மேல் ஏறி நின்று! நாற்காலி நகராமல் இன்னொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால். மறு கையில் டீ.

"ஏணி இல்லையாண்ணே?" என்றேன்.

"இருக்கு ஸார். ஸ்டோர்ல வெச்சுப் பூட்டியிருக்கு. யாராச்சும் ஏறி விழுந்து தொலைச்சா யார் பதில் சொல்றது?"

இந்தப் பதிலில் இருந்த தத்துவத்தை ஜீரணிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சரி, உலகத்துக்கே பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்த பெரியவர்கள் இப்படியா இருந்திருப்பார்கள், அவர்கள் முகத்தை வரைந்து வைத்தாலாவது நம் ஆட்களுக்கு பயபக்தி வரும் என்று நினைத்து, சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். அங்கேயும் எல்லோரும் சக்கர நாற்காலி மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள்!

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கார்ட்டூன். இங்கிலாந்தின் ஜேம்ஸ் கில்ரே 1802-ல் வரைந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். மேட்டுக்குடி மக்கள் விசிறியும் தொப்பியுமாக உட்கார்ந்து விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்கிறார்கள். மேடையில் ஒரு கனவானின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் குழாயைச் செருகி, ஏதோ வாயுவை உள்ளே அனுப்புகிறார்கள். அனுப்பிய வாயு ஐயாவின் கால்சட்டையைப் பின்பக்கமாகக் கிழித்துக்கொண்டு வெடித்து வெளியேறுகிறது! பக்கத்தில் துருத்தியும் கையுமாக ஓர் இளைஞன், வீட்டில் தாத்தாவின் பொடி டப்பாவில் மிளகாய்ப்பொடி கலந்துவிட்டு வந்த பேரன் மாதிரி இளித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த இளைஞன்தான் ஹம்ஃப்ரி டேவி. பின்னாளில் சர் ஹம்ஃப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விளக்கைத் தந்த மகான். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் அவர் படத்தைப் பார்த்து நாம் மீசை வரைந்திருப்போம். அவர் செய்த காரியங்கள் தெரிந்திருந்தால் தலையில் கட்டும் போட்டிருப்போம்.

பத்தொன்பது வயதில் டேவிக்கு பிரிஸ்டல் நகரில் ஒரு வேலை கிடைத்தது. விதவிதமான வாயுக்களைத் தயாரித்து, அவற்றை முகர்ந்தால் நோய் குணமாகிறதா என்று பார்க்கும் நிறுவனம். 'நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்தால் கொள்ளை நோயே வரும்' என்று அமெரிக்க டாக்டர் ஒருவர் எழுதி வைத்திருந்தார். டேவி அதைப் படித்தார். படித்துவிட்டு என்ன செய்தார் என்கிறீர்கள்? அந்த வாயுவைத் தயாரித்து இழுத்துப் பார்த்தார்!

நோய் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. குஷி தாங்காமல் ரூம் முழுக்கக் குதித்தார். மறுநாளும் இழுத்தார். அதற்கு மறுநாளும். பச்சைப் பட்டுப் பையில் வாயுவை அடைத்து நண்பர்களுக்கும் விநியோகித்தார். மகாகவி கோல்ரிட்ஜ் இழுத்தார். கவிஞர் சதே இழுத்தார். இன்றைக்கு என்றால் ஃபார்ம் ஹவுஸில் ரெய்டு நடந்து எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேனில் ஏறியிருப்பார்கள். அன்றைக்கு அதற்குப் பெயர் ஆராய்ச்சி!

இவ்வளவு கூத்துக்கு நடுவே, 1800-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் டேவி ஒரு வரி எழுதினார். இந்த வாயு வலியை மறக்கடிக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று. யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுதியவரே கண்டுகொள்ளவில்லை! அடுத்த நாற்பது வருடத்துக்கும் மேலாக நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ரம்பத்தால் காலை அறுத்தார். பார்ட்டியில் இருந்தவர்கள் வேறு எதை யோசிப்பார்கள், சொல்லுங்கள்?

சிரிப்பு வாயு பத்தாது என்று ஒருநாள் இன்னொரு வாயுவை இழுத்தார் டேவி. அதில் கார்பன் மோனாக்ஸைடு ஏராளமாகக் கலந்திருந்தது. மூன்றே இழுப்பு. கண் இருட்டி, குழாய் வாயிலிருந்து நழுவியது. அப்போதும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். நூலிழை மாதிரி துடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். 'நான் சாகப்போவதில்லை என்று நினைக்கிறேன்' என்கிற தோரணையில் முணுமுணுத்தார். அதற்குப் பிறகுதான் தள்ளாடித் தோட்டத்துக்குப் போய் விழுந்தார். தன் கம்பெனியின் இன்சிடென்ட் ரிப்போர்ட்டை விழுவதற்கு முன்பே ஃபில்லப் செய்த ஒரே ஊழியர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

1812-ல் இன்னொரு கூத்து. பிரான்ஸிலிருந்து ஆம்பியர் ஒரு கடிதம் எழுதினார். கரண்ட்டை அளக்கிறோமே, அதே ஆம்பியர்தான். 'நைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து புதிதாக ஓர் எண்ணெய். கண்டுபிடித்தவருக்கு ஒரு கண்ணும் விரலும் போய்விட்டன' என்று தகவல். நீங்களும் நானும் இப்படிக் கடிதம் வந்தால் கடிதத்தைக்கூடக் கைபடாமல்தான் மடிப்போம். டேவி உடனே ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து அந்த எண்ணெயைத் தயாரித்தார்.

வெடித்தது. கண்ணாடிச் சில்லு கண்ணில் பாய்ந்தது. கொஞ்ச நாளைக்கு எழுதப் படிக்க முடியாமல், சொன்னதை எழுதிக்கொடுக்க ஒரு பையனை வைத்துக்கொண்டார். புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த பையன். பெயர் மைக்கேல் ஃபாரடே. இன்றைக்கு உங்கள் வீட்டு மோட்டார், மிக்ஸி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவர் அந்தப் பையன்தான். எஜமான் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை பார்த்திருந்தால் அவருக்கு அந்த வேலை கிடைத்திருக்குமோ என்னவோ!

இப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் 1815-ல் ஒரு பாதிரியார் கடிதம் போட்டார். 'ஐயா, பாதுகாப்பு விஷயமாகத் தங்கள் உதவி தேவை!'

விஷயம் விளையாட்டில்லை. 1812 மே மாதம் வடக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்து 92 பேர் செத்துப் போனார்கள். அதில் பலர் சின்னப் பையன்கள் என்று கல்லறைப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். சுரங்கத்துக்குள் வெளிச்சம் வேண்டும், ஆனால் தீ கூடாது. என்ன செய்வது? அழுகிய மீன் தோலில் லேசாக ஒரு மினுமினுப்பு இருக்குமே, அதை வைத்து வேலை பார்த்த ஆட்கள் உண்டு! அந்த வெளிச்சத்தில் நிலக்கரியும் தெரியாது, பக்கத்து ஆளும் தெரியாது. நாற்றத்தை வைத்துத்தான் யார் எங்கே என்று அடையாளம்.

வாயு தேங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறை. ஓர் ஆள் உடம்பு முழுக்க ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, நீளக் குச்சியின் முனையில் மெழுகுவர்த்தியைச் செருகி, தவழ்ந்தபடி முன்னால் போவான். வாயு இருந்தால் வெடிக்கும். வெடித்தால் வாயு தீர்ந்துவிட்டது, எல்லோரும் வேலைக்கு வரலாம். சாக்கும் தானுமாகப் போகும் அவனைப் பார்த்தால் அங்கி போர்த்திப் பாவமன்னிப்பு கேட்கும் துறவி மாதிரி இருந்ததால் அந்தப் பதவிக்கே 'பெனிடென்ட்' என்று பெயர். எங்கள் சேஃப்டி ஆபீஸரிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா?" என்றார்.

டேவி வந்தார். பாட்டில்களில் சுரங்க வாயுவைப் பிடித்து லண்டனுக்கு வரவழைத்தார். இரண்டு மூணு மாதம்தான். தீயைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார். நம் டீ வடிகட்டிக்குச் சித்தப்பா மாதிரி ஒரு வலை. உள்ளே தீ எரியும், வாயு உள்ளே போகும், ஆனால் வலை சூட்டை உறிஞ்சிவிடுவதால் தீ வெளியே தாவாது. அவ்வளவுதான். மேதைமை என்பது இதுதான் ஸார், சந்தேகமே இல்லை. காப்புரிமைகூட வேண்டாம் என்றுவிட்டார். மனிதகுலத்துக்கு அர்ப்பணம்!

இங்கே கதையை முடித்திருந்தால் டேவி நிஜமாகவே மகான். ஆனால் அதே 1815 அக்டோபரில், டேவி தன் விளக்கைப் பற்றி ராயல் சொசைட்டியில் வாய் திறக்கும் முன்பே, கில்லிங்வொர்த் சுரங்கத்தில் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்கிற எஞ்சின் மெக்கானிக் தானே ஒரு விளக்கைச் செய்துவிட்டார். பின்னாளில் ரயிலுக்குப் பேர்போன அதே ஸ்டீவன்சன். சோதித்த விதம்தான் அழகு. சுரங்கத்துக்குள் வாயு 'புஸ்'ஸென்று பீறிடும் இடத்துக்கு, எரிகிற விளக்கோடு போனார். சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போனார். வாயு வாடை தூக்கியதும் சாட்சிகள் இருவரும் 'நாங்க இங்கேருந்தே சாட்சி சொல்றோம்' என்கிற மாதிரி பின்னாலேயே நின்றுகொண்டார்கள். ஸ்டீவன்சன் தனியாகப் போய் விளக்கை நீட்டினார். தீ கொஞ்சம் கொழுந்துவிட்டு அணைந்தது. வெடித்திருந்தால் உலகத்துக்கு விளக்கும் இல்லை, ரயிலும் இல்லை.

டேவிக்குச் செய்தி போனது. குதித்தார். சிரிப்பு வாயு இல்லாமலே! பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மெக்கானிக்கால் இது முடியுமா? தன் ஐடியாவைத் திருடிவிட்டான் என்று சாகும்வரை நம்பினார். அப்படிச் சொன்னவர் எங்கே படித்தவர்? மரச்சிற்பி ஒருவரின் மகன். மருந்துக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பல்கலைக்கழக வாசலை மாணவனாக மிதித்ததே இல்லை. ஏணியில் ஏறியவர்கள் மேலே போனதும் ஏணியை ஸ்டோரில் வைத்துப் பூட்டுவது புது வழக்கமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுரங்க முதலாளிகள் டேவிக்கு 2,000 பவுண்டு கொடுத்தார்கள். ஸ்டீவன்சனுக்கு 100 கினி. நியூகாஸில்காரர்களுக்கு வந்ததே கோபம்! எம்.ஜி.ஆர். படத்துக்குப் போட்டியாக சிவாஜி படம் ரிலீஸானால் கட்அவுட் உயரத்தில் சண்டை நடக்குமே, அப்படி ஊரே இரண்டாகி, தங்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு வசூல் செய்து விருந்தும் வைத்தது. பத்திரிகைகளில் கடிதப் போர். எல்லாம் சுரங்கத் தொழிலாளியின் உயிருக்காக. அந்த விருந்துகளில் தொழிலாளி உட்கார்ந்து சாப்பிட்டதாக நான் எங்கேயும் படிக்கவில்லை.

சரி, தொழிலாளி பிழைத்தானா? அங்கேதான் வரலாறு தன் குசும்பைக் காட்டியது. 'விளக்குதான் வந்துவிட்டதே, இனிப் பயமென்ன?' என்று முதலாளிகள், வாயு அதிகம் என்று மூடி வைத்திருந்த பழைய சுரங்கங்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். விளக்கு வருவதற்கு முந்தைய 18 வருடத்தைவிட, வந்த பிறகான 18 வருடத்தில் அந்தப் பகுதியில் அதிகம் பேர் செத்தார்கள் என்று 1835-ல் நாடாளுமன்றக் குழுவே கணக்குப் பார்த்துச் சொன்னது. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தோமே என்று பையன் நூறில் பறந்த கதைதான்.

தொழிலாளியும் லேசுப்பட்டவன் இல்லை. வலைக்குள் இருக்கும் தீ மங்கலாகத்தான் எரியும். தோண்டுகிற எடைக்குத்தான் கூலி என்னும்போது மங்கல் வெளிச்சத்தில் எப்படித் தோண்டுவது? வலையைக் கழற்றினான். பைப் பற்றவைக்கவும் கழற்றினான். உடனே விளக்குக்குப் பூட்டு போட்டார்கள். ஆம், பூட்டு! அந்த இரண்டு நாள் தத்துவம் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

டேவியின் பாதுகாப்பு ஆர்வம் கரையோடு நிற்கவில்லை. கப்பலின் அடிப்பகுதியில் அடிக்கும் செப்புத் தகட்டை உப்புத் தண்ணீர் அரிக்கிறது என்று கடற்படை கேட்டது. தகட்டில் ஆங்காங்கே துத்தநாகம், இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். அரிப்பு நின்றே போனது. செம்பு கரைந்ததால்தான் சிப்பியும் பாசியும் அண்டாமல் இருந்தன என்பது அதற்கப்புறம் தெரிந்தது. கரையாத செம்பில் அவை குடும்பத்தோடு குடியேறி, கப்பல் நகரமாட்டேன் என்றது. நூறு சதவீதம் பாதுகாப்பான கப்பல்!

டேவியை இத்தோடு விடுவோம். இவரைத் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு குடும்பம் இருக்கிறது.

ஜான் ஸ்காட் ஹால்டேன். ஸ்காட்லாந்துக்காரர். அந்த வம்சத்தின் குலமொழியே 'துன்பப்படு' என்கிற ஒற்றை வார்த்தை. மற்ற வம்சங்கள் வெல்வோம், ஆள்வோம் என்று போட்டுக்கொண்டபோது இவர்கள் இதைப் போட்டுக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன்! சுரங்க வெடிப்பில் சாகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெடியால் சாகவில்லை, பிறகு பரவும் கார்பன் மோனாக்ஸைடால்தான் சாகிறார்கள் என்று 1896-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் இவர். எப்படி உறுதி செய்தார்? அதே விஷ வாயுவைத் தானே முகர்ந்து, ரத்தத்தில் பாதி விஷமாகும் வரை குறிப்பெழுதி.

ஒருமுறை சுரங்கத்துக்குள் போய்வந்தவர், நல்லபடியாக இருக்கிறேன் என்று மனைவிக்குத் தந்தி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தந்தி, நல்லபடியாக இருக்கிறேன். மறுபடி ஒன்று. வாயு தலைக்கேறியதில் முந்தைய தந்தி மறந்துபோகிறது! அவர் நல்லபடியாக இல்லை என்பது அந்த அம்மாவுக்கு இரண்டாவது தந்தியிலேயே புரிந்திருக்கும்.

சுரங்கத்துக்குள் கனேரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னதும் இவர்தான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு. மனிதனுக்குத் தலை சுற்றும் முன்பே குருவி கொம்பிலிருந்து விழுந்துவிடும். உடனே ஓடி வந்துவிடலாம். ஆனால் ஹால்டேனுக்குக் குருவி மேலும் இரக்கம். மயங்கிய குருவி பிழைக்கட்டும் என்று கூண்டின் மேலேயே குட்டி ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்த பெட்டிகள் வந்தன. கதவை மூடி, குழாயைத் திருகினால் குருவி எழுந்து உட்காரும். தொழிலாளிகள் விசிலடித்துக் கொஞ்சிக்கொண்டே கூட்டிப் போனார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்த உத்தியோகம் 1986 வரை இருந்தது. கம்ப்யூட்டரும் கலர் டிவியும் வந்த பிறகும் சேஃப்டி ஆபீஸர் குருவிதான்!

குருவிக்குச் சிலிண்டர் வைத்த இரக்கம் பெற்ற பிள்ளைக்கு உண்டா என்றால், அதுதான் இல்லை. மகன் ஜேக்கைச் சின்ன வயதிலேயே சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார். தவழ்ந்து தவழ்ந்து ஓர் இடத்துக்கு வந்ததும், 'எழுந்து நின்று ஷேக்ஸ்பியரில் ஆண்டனி பேசும் வசனத்தைச் சொல்லு' என்றார். சொந்தக்காரர் வந்தால் 'மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு' என்போமே, அந்த மாதிரி. பையன் நின்றான், ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. புரூட்டஸ் பெயர் வரும் இடத்தில் தொபுக்கென்று விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்ததால் பிழைத்தான். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும் என்பது பாடம். பையன் ஜென்மத்துக்கும் மறக்கவில்லை. இந்தப் பாடத்தை நானும் பள்ளியில் படித்தேன், பரீட்சைக்கு முதல் நாள் மறந்துவிட்டேன்.

அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். மரபியல் மேதை. அப்பாவைவிட மோசம். 1939-ல் தீடிஸ் நீர்மூழ்கி மூழ்கி 99 பேர் இறந்தபோது, ஏன் இறந்தார்கள், தப்ப வழியுண்டா என்று பார்க்க இரும்புக் கூண்டுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கினார். வலிப்பு வந்து முதுகெலும்பில் அடி. செவிப்பறையில் ஓட்டை. ஓட்டை ஆறாவிட்டால் காது கொஞ்சம் மந்தமாகும், ஆனால் புகையிலைப் புகையை அந்தக் காது வழியே விடலாம், நாலு பேர் கூடும் இடத்தில் அது ஒரு வித்தை என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்தார். கடலுக்கடியில் எத்தனையோ பேர் பத்திரமாக வெளியே வர அந்தச் சோதனைகள் உதவின. அதைப் பற்றி அவர் இவ்வளவு ரசித்து எழுதவில்லை.

1957-ல் பிரிட்டன் பிடிக்கவில்லை என்று கிளம்பி இந்தியாவுக்கே வந்துவிட்டார். கல்கத்தா, பிறகு புவனேஸ்வர். குர்தா, சைவச் சாப்பாடு, இந்தியக் குடியுரிமை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: அறுபது வருடம் காலில் சாக்ஸ் மாட்டியது போதும். 1964-ல் புவனேஸ்வரில் இறந்தபோது, அவர் எழுதி வைத்தபடி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. செத்த பிறகும் சோதனைக்கூடத்தை விடவில்லை.

பன்னிரண்டு போஸ்டரில் பதினொன்றை ஒழுங்காக வரைந்தேன். ஹெல்மெட், கையுறை, ஈரத்தரை, எல்லாம். பன்னிரண்டாவதாக ஜே.பி.எஸ். ஹால்டேனை வரைந்தேன். வழுக்கைத் தலை, முறுக்கு மீசை, வெறுங்கால், இடது காதிலிருந்து சுருள் சுருளாகப் புகை.

சேஃப்டி ஆபீஸர் ரொம்ப நேரம் பார்த்தார். சிரித்துவிடுவாரோ என்று பயந்தே போனேன். நல்லவேளை, சிரிக்கவில்லை. "படம் ஓகே ஸார். கீழே 'புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு'னு ஒரு லைன் சேர்த்துடுங்க" என்றார்.

சேர்த்துவிட்டேன். காதுக்குப் பக்கத்தில்.